பிவிசி: பைப் அல்ல, நிலைத்த மெய்நிகர் இணைப்பு

காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் மாமா, டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பிவழி இணையம்) மோடத்தை மாற்றிய அன்று போன் போட்டார். “மாப்ளே, லைட்டெல்லாம் எரியுது, நெட்டு மட்டும் வரல. உள்ள போய்ப் பார்த்தா பிவிசி போடச் சொல்லுது. சொட்டுநீர்ப் பைப்பையா கேக்குது?”

மோடம் கேட்டது ‘பர்மனென்ட் வர்ச்சுவல் சர்க்யூட்’. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நிரந்தர மெய்நிகர் சுற்று’. முதல் இரண்டில் குறையில்லை, ‘நிலைத்த’ என்றால் இன்னும் நல்ல தமிழ். மூன்றாவதுதான் இடறுகிறது.

‘வர்ச்சுவல்’ என்பதைப் ‘போலி’, ‘மாய’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண்மகன். அதிலிருந்து ‘விர்ட்டுஸ்’, வீரம், ஆற்றல். அதிலிருந்து ‘விர்ச்சுவாலிஸ்’, ஆற்றலளவில் இருப்பது. உருவில் இல்லாவிட்டாலும் பயனில் இருக்கிறது என்பதே பொருள். மெய்க்கு நிகர் என்ற நம் சொல் அதைக் கச்சிதமாகப் பிடிக்கிறது. அந்த ‘விர்’ரும் வடமொழி ‘வீர’வும் ஒரு வேரில் கிளைத்தவை. நடுகற்கள் நிறைந்த தகடூர் நாட்டில் இந்தச் சொல்லை வீரனுக்கு உறவு என்று சொன்னால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

‘சர்க்யூட்’டின் மூலம் ‘சுற்றிப் போதல்’. மின்சாரம் போய்த் திரும்புவதால் ‘மின்சுற்று’ பொருத்தம். தொலைபேசித் துறையிலோ, இரு முனைகளுக்கென்று ஒதுக்கிய வழியையே அப்படி அழைக்கத் தொடங்கினார்கள். இங்கே ‘சுற்று’ என்றால் நம் காதில் சுற்றுவழி என்றுதான் விழும். ஆகவே ‘நிலைத்த மெய்நிகர் இணைப்பு’ என்பது என் கட்சி. அழைக்கும்போது மட்டும் உருவாகிக் கலைவது வேறு வகை. இது ஒருமுறை எண் கொடுத்து வைத்தால் அப்படியே நிற்கும்.

அந்த எண்கள் இரண்டு: விபிஐ, விசிஐ. முதலாவது பாதைக்கு, மற்றது ‘சேனலு’க்கு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பாசனக்காரருக்கு இதை விளக்குவது சுலபம்: எந்தக் கால்வாய், அதில் எந்த வாய்க்கால். ஆங்கிலத்தின் ‘கெனால்’, ‘சேனல்’ இரண்டும் லத்தீன் ‘கனாலிஸ்’ பெற்ற பிள்ளைகள். அதற்கும் தாய் ‘கன்னா’, நாணல் அல்லது குழாய். மாமா பைப் என்றதில் அவ்வளவு பிழையில்லை!

இந்த டிஎஸ்எல் இணைப்பு நம்பியிருக்கும் ஏடிஎம் முறையில் (பணம் எடுக்கும் பெட்டி அல்ல, ‘அசிங்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட்’) தரவு 53 பைட் துண்டுகளாக நறுக்கப்படும். 48 பைட் சரக்கு, 5 பைட் முகவரித் தலைப்பு. இரு எண்களும் அந்தத் தலைப்பில்தான் ஏறுகின்றன. விபிஐ 0 முதல் 255 வரை போகலாம். விசிஐ 65535 வரை போகும். ஆனால் 0 முதல் 31 வரை வலையமைப்பின் சொந்த வேலைக்கு ஒதுக்கியவை, நமக்கு 32-இல் இருந்துதான்.

பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் பரவலாக வழங்கியது 0/35, அதாவது விபிஐ 0, விசிஐ 35. மாமாவின் மோடத்தில் முன்பே 8/35 என்று இருந்தது. டிஎஸ்எல் விளக்கு எரிவது செம்புக்கம்பி எக்ஸ்சேஞ்சோடு பேசிவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. எண் தப்பானால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போய்ச் சேராது. ஃபைபர் வந்த வீடுகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

8-ஐ அழித்து 0 போடச் சொன்னேன். சேமித்து, மோடத்தை அணைத்துப் போட்டதும் நெட் வந்தது.

“அப்போ வாய்க்கால் சரிதான், கால்வாயைத்தான் மாத்தித் தொறந்திருக்கேன்” என்றார் மாமா.