எடிட்டர்: ஆசிரியரா, பதிப்பாசிரியரா?

"படமெல்லாம் நீங்களே வரைவீங்களா?" காமிக்ஸ் எடிட்டர் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி இதுதான். இல்லை என்றால், "அப்போ கதை?" அதுவும் இல்லை. "அப்புறம் என்னதான் செய்றீங்க?"

கேட்பவர்மேல் தப்பில்லை. அந்தச் சொல்லே பல கை மாறி வந்தது. லத்தீனில் 'எடேரே' என்றால் வெளியே கொடுப்பது, வெளியிடுவது. அதிலிருந்து பிறந்தவர் எடிட்டர். பழைய ரோமில் இவர் எழுதுகோல் பிடித்தவரே அல்ல. காசு போட்டு ஊருக்கு கிளாடியேட்டர் சண்டை நடத்திக் காட்டியவருக்கும் அதே பெயர்தான். தோற்று விழுந்தவனை உயிரோடு விடலாமா என்று முடிவு சொல்வதும் அவரே. கதை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் இந்தச் சேதியை ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் வெளியிடுபவர் என்றுதான் பொருள். பிறர் எழுதியதைச் சீராக்கித் தருபவர் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. 'எடிட்' என்ற வினை அதற்கும் பின்னால் வந்தது. ஆள் முதலில், வேலை அப்புறம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் 'ஆசிரியர்' என்கின்றன. இது வடமொழி ஆசார்ய என்பதன் வழி வந்த சொல் என்பார்கள். ஆசு என்றால் குற்றம், இரித்தல் என்றால் ஓட்டுதல். குற்றத்தை ஓட்டுபவர் ஆசிரியர் என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. சொற்பிறப்பாக அது நிற்காது. ஆனால் பிழை திருத்தியே கண் பூத்துப்போன எனக்கு அந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பள்ளியில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர், நூலை எழுதியவரும் ஆசிரியர். "எந்த ஸ்கூல் சார்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

'தொகுப்பாளர்' நல்ல சொல்தான், ஆனால் படத்தொகுப்பாளர் என்று சினிமா அதை எடுத்துக்கொண்டுவிட்டது. 'செம்மையாக்குநர்' என்றால் மொழியைத் திருத்துவதோடு நின்றுவிடும்.

மிஞ்சுவது 'பதிப்பாசிரியர்'. கேட்டவுடன் ஏட்டுச்சுவடியின் வாசனை வரும். 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினார்கள். அந்த வரிசையில் முகமூடி வீரர்களை அச்சேற்றுபவனும் நிற்கலாமா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வேலையின் அடிப்படை ஒன்றே: அடுத்தவர் படைப்பைச் சிதையாமல் வாசகர் கைக்குக் கொண்டுசேர்ப்பது.

சிதையாமல் என்பதில்தான் முழுப் பாடும். அமெரிக்காவில் எழுதுபவர், பென்சிலில் வரைபவர், மை தீட்டுபவர், வண்ணம் சேர்ப்பவர், வசனம் பொறிப்பவர் என ஆளுக்கொரு வேலை. அவர்களைத் தேதிக்குள் முடிக்கவைப்பவர் எடிட்டர். ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீக்கு அந்தப் பொறுப்பு முதலில் வந்தபோது 19 வயதுகூட நிறையவில்லை. ஜப்பானில் இவரைத் 'தான்தோ' என்பார்கள். பொறுப்பாளர் என்று பொருள். ஓவியரோடு உட்கார்ந்து கதையையே மாற்றச் சொல்லும் அளவுக்குப் பொறுப்பு.

தமிழில் பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளை மொழிபெயர்த்துப் போடுகிறோம். ஆகவே என் எதிரி பலூன். அதாவது பேச்சுக்குமிழ். ஆங்கில வசனம் பெரும்பாலும் கேப்பிடல் எழுத்திலேயே இருக்கும். எல்லாம் ஒரே உயரம், வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் 'கி' மேலே வளைகிறது, 'கூ' கீழே இறங்குகிறது. நெருக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்த குமிழில் தமிழுக்கு மூன்றுதான் கிடைக்கும். அதற்குள் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரே சொல் வந்து நின்றால் என்ன செய்வது? மடக்கலாம், ஆனால் அடுத்த வரி ஒற்றில் தொடங்கக் கூடாது. எழுத்தைச் சிறிதாக்கினால் கண்ணாடி போட்ட பழைய வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். 'பார்த்துட்டிருக்கேன்' என்று சுருக்கிவிடுவேன். "வசனம் ஏன் சில இடத்தில் பேச்சுத்தமிழாக இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இதுதான். இத்தனை பார்த்தும், வில்லன் வசனத்தைக் கதாநாயகன் குமிழில் வைத்து அச்சுக்கு அனுப்பியவன் நான். அந்தப் பக்கத்தை இன்றும் திறந்து பார்ப்பதில்லை.

வாசகர் கேள்விக்குப் பதில் சொல்வதும் இந்த வேலையில் அடக்கம். 1980இல் தொடங்கிய டிங்கிள் என்ற சிறுவர் காமிக்ஸ் இதழின் ஆசிரியர் அனந்த் பை, கடிதம் எழுதிய குழந்தைகளுக்கு 'அங்கிள் பை' ஆனார்.

என் முடிவு இது: மாத இதழாக வந்தால் 'ஆசிரியர்' போதும். தனிப் புத்தகமாக வந்தால் 'பதிப்பாசிரியர்' என்றே போட வேண்டும், இல்லாவிட்டால் கதை எழுதியவரின் பெயரை நாம் பறித்ததுபோல் ஆகிவிடும். பேச்சில் மட்டும் 'எடிட்டர்' இருக்கட்டும். புத்தகக் காட்சியில் ஒருவர் ஓடிவந்து, "எடிட்டர் சார், அடுத்த புக் எப்போ?" என்று கேட்கும்போது சொல்லைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை. தேதி சொல்லத்தான் முழிக்கிறேன்.