கலங்கல் நீர் தெளிய மறுப்பது ஏன்?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊரில் பெரிய பாலம் கட்டுகிறார்கள். பைல் (நிலத்தில் ஆழமாகத் துளையிட்டுக் கான்கிரீட் நிரப்பும் தூண்) போடும் இடத்துத் தண்ணீரைக் குழியில் தேக்கி, மறுநாள் வாய்க்காலில் விடுகிறார்கள். சாம்பல் நிறம் போகவே மாட்டேன் என்கிறது. இன்னும் பெரிய குழி வெட்டினால் தெளியுமா?”

தெளியாது. குழியின் அளவில் மட்டும் இல்லை சிக்கல்.

டெல்டாவில் பாறை மிக ஆழத்தில் கிடக்கிறது; மேலே எல்லாம் மணலும் வண்டலும்தான். அதனால் பாலம் என்றால் பைல். துளையின் பக்கச் சுவர் சரியாமல் இருக்க, பெண்டோனைட் என்ற களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து நிரப்புகிறார்கள். அடியிலிருந்து கான்கிரீட் ஏற ஏற அந்தக் கரைசல் மேலே வழிகிறது.

மண் படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது ஸ்டோக்ஸ் விதி. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 2 நிமிடம் போதும். அதில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள களித்துகளுக்கு இரண்டு வாரம் வரை ஆகும். பெண்டோனைட் ஏடுகளோ அதைவிடப் பல மடங்கு மெல்லியவை: 10 லட்சம் ஏடுகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதே அவற்றை மிதக்க வைக்கப் போதும்.

சரி, இத்தனை ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகிவிடலாமே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இந்தக் களியின் படிகத்தில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. அலுமினிய அயனியின் நேர்மின்னூட்டம் 3, மக்னீசியத்துக்கு 2. இடத்துக்கு ஒன்று குறைகிறது. அந்தக் குறையால் ஏட்டின் முகம் முழுவதும் எதிர்மின்னூட்டம். எதிரும் எதிரும் விலக்கும் அல்லவா? நெருங்கி வரும் ஒவ்வொரு ஏட்டையும் அடுத்தது தள்ளிவிடுகிறது. எத்தனை நாள் காத்திருந்தாலும் இந்த விலக்கு ஓயாது.

அதை அடக்க நேர்மின்னூட்டம் வேண்டும். உப்பிலுள்ள சோடியமே ஓரளவு செய்யும். பூம்புகாரில் காவிரியின் கலங்கல் கடல் உப்பைச் சந்திக்கும்போது களித்துகள்கள் திரண்டு படியத் தொடங்குவது இப்படித்தான். கழிமுகங்களில் சேறு சேர்வதில் இந்த வேதியியலுக்கும் பங்கு உண்டு. ஆனால் அயனியின் மின்னூட்டம் கூடக்கூட அதன் வீரியம் தாறுமாறாக ஏறும்; மூன்று மின்னூட்டமுள்ள அலுமினியம் சோடியத்தைவிடப் பல நூறு மடங்கு வலியது. அலுமினியம் உள்ள படிகாரத்தில் கொஞ்சம் போட்டாலே போதும் என்பதன் ரகசியம் அதுதான். கூடவே அது தண்ணீரில் பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறி, மிச்சத் துகள்களையும் வாரிக்கொண்டு இறங்கும்.

இங்கே வரிசை முக்கியம். மிக்ஸர் லாரி கழுவிய தண்ணீரும் அதே குழிக்கு வந்தால், சிமென்டின் காரத்தால் பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, கூடினால் காரம்) 12 வரை போகும். அந்தக் காரத்தில் அலுமினியம் பஞ்சாகாமல் கரைந்தே போய்விடும். எனவே முதலில் காரத்தைக் குறைக்க வேண்டும். கந்தக அமிலம் கை தவறினால் தண்ணீரைக் கொடும் அமிலமாக்கிவிடும். கார்பன் டை ஆக்சைடைக் குமிழியாக விட்டால் அந்தப் பயம் இல்லை. கூடுதலாகப் போனாலும் பிஎச் 6க்குக் கீழே எளிதில் இறங்காது. அப்புறம்தான் படிகாரம். ஆற்றிலோ வாய்க்காலிலோ விடும் கழிவுநீரில் பிஎச் 5.5 முதல் 9 வரை, மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் என்பது நாட்டின் பொது விதி.

ஆடிப் புதுவெள்ளத்தைத் தெளியவைக்கப் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதை அற்புதம் என்று சொல்லிப் பூசை போட வேண்டியதில்லை. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களைக் கோத்துக் கட்டுகின்றன, அவ்வளவுதான். முருங்கை விதையின் புரதமோ நேர்மின்னூட்டத்தாலேயே வேலை செய்கிறது. ஆயிரம் லிட்டர் பைல் தண்ணீருக்கு எத்தனை கிராம் தேவை என்று சோதிக்கத் தஞ்சை, திருச்சிக் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு நிதி கொடுத்தாலே போதும். பழம்பெருமை பேசும் மேடைகளுக்குச் செலவழிப்பதில் ஒரு துளியை இதற்குத் திருப்ப வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, படிந்த சேறு. அதைக் கரையில் கொட்டினால் அடுத்த மழையில் வாய்க்காலுக்கே திரும்பும். பிழிந்து, உலர்த்தி, அனுமதித்த இடத்துக்கு ஏற்ற வேண்டும். நல்ல பெண்டோனைட் கரைசலை மணல் பிரித்து அடுத்த பைலுக்கே எடுத்துக்கொள்ளலாம். கழிவும் குறையும், செலவும் குறையும். உங்கள் ஊர்ப் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.