பாஸ்டிங் நார்மல்தான், ஆனால் மதியம்?

முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களிடம் சர்க்கரை பற்றிக் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "பார்த்தாச்சு டாக்டர், பாஸ்டிங் நார்மல்." போன வாரம் வந்த அம்மாவும் அதையே சொன்னார். விரல் வீக்கத்துக்குச் சில வாரங்களுக்கென்று எழுதிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் 96. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் 284.

திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்திலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். இரவில் அது தானாக இறங்கிவிடும். மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் லேபுக்கு ஓடினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சாப்பாட்டுக்குப் பின் பாருங்கள், அதிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். ஸ்டீராய்டு தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறதென்றால் அதில் பெரிதாகத் தெரியாது. ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. நம் நோயாளிகளில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் இவர்கள் உருளைக்கிழங்கு வாயு, கத்தரிக்காய் ஆகாது என்று எல்லாவற்றையும் ஒதுக்கியிருப்பார்கள். அந்தச் சின்ன மாத்திரையை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கிறதென்றும் நிம்மதி வேண்டாம். மூட்டழற்சி கடுமையாக இருக்கும்போது கெட்ட கொழுப்பின் அளவு குறைந்து காட்டும், இதயத்துக்கான ஆபத்து குறையாது. மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட்டு அதை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று ஐரோப்பிய வழிகாட்டல் சொல்வது இவர்களுக்காகத்தான். சிகிச்சையில் வீக்கம் தணியும்போது கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்து மூட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

எடை கூடவில்லையா? சரி, இடுப்பை அளந்து பாருங்கள். இந்த நோயில் தசை கரையும், வயிற்றில் கொழுப்பு சேரும், எடை மெஷின் பழைய எண்ணையே காட்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இதைப் படித்த பயத்தில் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. பல வாரம் போட்ட பிறகு சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கி வருவீர்கள். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், தினமும் அல்ல. வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால் பிபியும் ஏறும், கிட்னியும் கெடும். பெயர் தெரியாத 'மூட்டுவலிப் பொடி' இரண்டே நாளில் வலியைப் பறக்கடிக்கிறதா? உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பொட்டலத்தைத் தூக்கிப்போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், திட்ட மாட்டேன்.

மருந்துக்கடைக்காரர்களே, பழைய சீட்டில் தேதி என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்களேன்.