ஆர்பெஜியோ: கூட்டை விரித்தல்

பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் கிட்டார் பழகும் பிள்ளைகளிடம் ஆர்பெஜியோ என்றால் என்ன என்று கேட்டால், "பிளக்கிங்" என்றே பெரும்பாலும் விடை வரும். இடக்கையில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் தொகுதியை, பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து நிற்கும்படி விடுவதை அவர்கள் அவ்வாறு சொல்கிறார்கள். மாதா கோயில் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் பாட்டுக்குத் துணையாக வாசித்தே பலர் கிட்டார் கற்கும் பகுதி இது என்பதால், அந்தப் பொருள் இங்கே முதலில் வேரூன்றியது இயல்பே. அது தவறும் அன்று. ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையில் சோலோ, அதாவது தனியிசை, வாசிப்பவர் இதே சொல்லைச் சொல்லும்போது, கார்டில் அடங்கிய சுரங்களை ஒன்று ஓய்ந்தபின் மற்றொன்றாக, தனித்த ஓர் இசைவரியாக வாசிப்பதையே குறிக்கிறார். முன்னது பாடுபவருக்குத் துணை நிற்பது. பின்னது தானே பாடுவது.

சொல் இத்தாலிய மொழிக்கு உரியது. யாழ் போன்ற ஹார்ப் கருவிக்கு இத்தாலியர் இட்ட பெயர் ஆர்பா. அதை வாசிப்பது ஆர்பெஜ்ஜாரே. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ஆர்பெஜ்ஜோ. ஆர்பா என்பதும் ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து பிற்கால இலத்தீன் வழியாக வந்து சேர்ந்ததுதான். ஹார்ப் வாசிப்பவரின் விரல்கள் கம்பிகளை வரிசையாக வருடிச் செல்வதைப் பார்த்து இட்ட பெயர் ஆதலால், கையின் அசைவு சொல்லுக்குள் பதிந்திருக்கிறது. எந்தச் சுரங்களை வாசிக்க வேண்டும் என்ற செய்தி அதில் இல்லை. அந்தச் செய்தியைத் தருவது கார்டு. ஆகவே கார்டுக்குத் தமிழ் காணாமல் ஆர்பெஜியோவுக்குத் தமிழ் காண முடியாது.

கார்டு என்பதை நாண் என்று மொழிபெயர்ப்பது பரவலாகக் காணப்படும் பிழை. வடிவக் கணிதத்தில் வட்டத்தின் நாண் என்று நாம் பள்ளியில் படித்த சொல் அது. கயிறு, நரம்பு என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லுக்கு அது சரியான பெயர். இசையில் வழங்கும் கார்டோ, ஒத்திசைதல் என்னும் பொருளுள்ள 'அக்கார்டு' என்ற சொல் தலைகுறைந்து நின்றது. பின்னாளில்தான் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பெற்றன. எழுத்து ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று கொண்டு, ஒத்திசையும் சுரங்களின் சேர்க்கையை வில்லின் கயிறாக்கிவிட்டோம். சுரக்கூட்டு என்பதே இதற்குப் பொருந்தும். பழகியபின் கூட்டு என்று மட்டும் சொன்னாலே போதும்.

ஹார்ப் யாழ் ஆகிறபோது ஆர்பெஜியோவையும் யாழின் பெயரால் அழைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆசை எனக்கும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் நரம்பின்மேல் விரல் செய்யும் தொழில்களை வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டாக வகுத்துப் பெயரிட்டிருக்கிறது; இத்தனை நுட்பமான பெயர்களை வைத்திருந்த மொழி ஒரு சொல்லுக்காகக் கையேந்தி நிற்கத் தேவையில்லை. இருந்தும் அவற்றுள் ஒன்றை இங்கே பொருத்துவது நேர்மையாகாது என்று நினைக்கிறேன். அவை பண்ணைச் சார்ந்த விரற்றொழில்கள். கூட்டின்மேல் கூட்டாக நகரும் இசைமுறை அவற்றின் பின்னணி அன்று. கருநாடக இசையின் தாட்டு வரிசையும் இதே காரணத்தால் பொருந்தவில்லை: அதில் சுரங்கள் தாண்டித் தாண்டிச் சென்றாலும் எந்தக் கூட்டுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. உடைந்த கார்டு என்ற ஆங்கில வழக்கைத் தழுவிச் சிதறல் என்று சொல்வோரும் உண்டு. சிதறியது தன் மூலத்தை இழந்தது. ஆர்பெஜியோ ஒருபோதும் மூலத்தை இழப்பதில்லை.

எனவே நான் வழங்கும் சொல் விரிகூட்டு. விரிந்த, விரிகின்ற, விரியும் கூட்டு என மூன்று காலமும் கொள்ளும் வினைத்தொகை இது. கூட்டு என்பது சொல்லுக்குள்ளேயே நிற்பதால், எதை விரிக்கிறோம் என்பதை வாசிப்பவர் மறக்க முடியாது. இத்தாலியச் சொல் கையைச் சொல்கிறது; இது காதைச் சொல்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது ப்ளூஸில்தான் நன்கு விளங்கும். ஏ சுருதியில் அமைந்த 12 பார் ப்ளூஸை எடுத்துக்கொள்வோம். பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று; கீழே வரும் ஏ7, டி7, ஈ7 என்பவை கூட்டுகளின் பெயர்கள். முதல் 4 பார் ஏ7, அடுத்த 2 பார் டி7, மீண்டும் 2 பார் ஏ7, பிறகு ஒரு பார் ஈ7, ஒரு பார் டி7, இறுதி 2 பார் ஏ7 என்பது அதன் எளிய வடிவம். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இந்த 12 பாருக்கும் மைனர் பென்டடானிக் என்ற ஒரே ஐந்து சுர வரிசையை வாசிக்கிறார்கள். ஏ என்பதை ஷட்ஜமாகக் கொண்டால் அந்த ஐந்தும் சுத்த தன்யாசியின் சுரங்கள்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம். கேட்க இனிமையானதுதான். ஆயினும் கீழே கூட்டு மாறியதும் மேலே ஒன்றும் மாறாததால், பின்னணியை நிறுத்திவிட்டுச் சோலோவை மட்டும் கேட்டால் எந்தப் பாரில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

விரிகூட்டு இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஏ7 கூட்டில் இருப்பவை ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். டி7 கூட்டில் இருப்பவை சுத்த மத்திமம், சதுஸ்ருதி தைவதம், ச, சாதாரண காந்தாரம். முதற்கூட்டிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும்போது அந்தர காந்தாரம் அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரம் ஆகிறது. கைசிகி நிஷாதம் அரைச்சுரம் இறங்கிச் சதுஸ்ருதி தைவதம் ஆகிறது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் என்னும் கட்டைகளில் இது மூன்றாம் கம்பியின் 6ஆம் ஃபிரெட்டிலிருந்து 5ஆம் ஃபிரெட்டுக்கும், நான்காம் கம்பியின் 5ஆம் ஃபிரெட்டிலிருந்து 4ஆம் ஃபிரெட்டுக்கும் விரல் நகர்வது, அவ்வளவே. ஐந்தாம் பாரின் முதல் அடியில் அந்த இறக்கம் விழுந்தால், துணைக்கு யாரும் வாசிக்காவிட்டாலும் கேட்பவரின் காதில் டி7 பிறந்துவிடும். முதன்முதலில் இதை என் கையிலேயே கேட்டபோது கிடைத்த மகிழ்ச்சியை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன்.

விரல்களுக்கும் இது கடினமான பாடம் அன்று. ஏ7 விரிகூட்டுக்கான ஃபிரெட்டுகள்: ஆறாம் கம்பியில் 5, ஐந்தாம் கம்பியில் 4, 7, நான்காம் கம்பியில் 5. இதே வடிவத்தை ஒரு கம்பி தள்ளி, ஐந்தாம் கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் தொடங்கினால் டி7. அதையே இரண்டு ஃபிரெட் மேலே நகர்த்தினால் ஈ7. ஈ7 வரும் ஒன்பதாம் பாரில் காகலி நிஷாதம் புதிதாகத் தலைகாட்டும். அந்த ஒரு பாருக்கே உரிய சுரம் அது என்பதால், அதை அழுத்தி வாசிப்பது நல்லது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டையும் அடிச்சுரத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே வாசித்தால் அது பயிற்சியாக ஒலிக்குமே தவிர ப்ளூஸாக ஒலிக்காது. 1939இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து மின் கிட்டாரைத் தனியிசைக் கருவியாக நிலைநாட்டிய சார்லி கிறிஸ்டியன், கூட்டின் வடிவங்களைச் சுற்றியே தம் இசைவரிகளை அமைத்தார். ஆனால் அவர் எங்கே நுழைகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதில்தான் உயிர் இருக்கிறது. நம் பகுதியில் கானா பாடுபவர் தெரிந்த மெட்டின்மேல் அந்த நேரத்துக்குரிய வரிகளைக் கட்டிப் பாடும்போது, அடி எங்கே விழும் என்பதை அறிந்தே சொல்லை முன்னும் பின்னும் இழுக்கிறார். விரிகூட்டையும் அவ்வாறே கையாள வேண்டும்: காந்தாரத்தில் நுழையலாம், சுரத்துக்கு அரைச்சுரம் கீழிருந்து வந்து தொடலாம், இடையில் சுத்த தன்யாசிச் சுரங்களுக்குத் திரும்பலாம். சாதாரண காந்தாரத்தில் கம்பியைச் சற்றே இழுத்து, அந்தர காந்தாரத்தை முழுமையாக எட்டாமல் இடையில் நிறுத்தும் அந்த ஒலி எந்த விரிகூட்டிலும் இல்லாதது. ப்ளூஸின் குரலே அதுதான். ஏ7இல் அதை இழுத்து வாசித்து, டி7 வந்ததும் இழுக்காமல் அதே ஃபிரெட்டில் விட்டால், அதே சுரம் இப்போது கூட்டுக்கு உரிய சுரமாகி அமைதி அடையும்.