தீபாவளிக்கு முன் கழுவிய தொட்டி

வீடு வீடாகப் போய் மீன்தொட்டி பராமரிப்பது என் தொழில். தீபாவளிக்கு முந்தின வாரம் வரும் அழைப்புகள் பலவும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, நேத்துதான் தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணி ஊத்தினோம். காலையில பாத்தா கப்பி மீனெல்லாம் செத்து மிதக்குது. குழாய்த் தண்ணியில ஏதாச்சும் கலந்துட்டாங்களா?"

சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு அக்கா வீட்டிலும் அதேதான் நடந்தது. நல்லவேளையாக, தாழ்வாரத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு என்று பழைய தொட்டித் தண்ணீரில் அரை வாளி எடுத்து வைத்திருந்தார். அதைச் சோதித்தேன். பிஹெச் 6-க்கும் கீழே, அதாவது தண்ணீர் அமிலமாகிவிட்டது. கேஹெச் சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மஞ்சளாகிவிட்டது, அதாவது கேஹெச் ஏறக்குறைய இல்லை. அம்மோனியா மட்டும் ஏராளம்.

கேஹெச் என்பது தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டின் அளவு. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அமிலம் சேரும்போது தன்னைக் கொடுத்து பிஹெச்சைத் தாங்கிப்பிடிப்பது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரிலுள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. கேஹெச் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். கையிருப்பே குறைவு. அக்காவோ ஒரு வருடமாகத் தண்ணீரை மாற்றவே இல்லை, ஆவியானதற்கு ஈடாக ஊற்றிக்கொண்டு மட்டும் வந்திருக்கிறார்.

கையிருப்பு தீர்ந்ததும் பிஹெச் சரிகிறது, நுண்ணுயிரிகள் சோர்கின்றன, அம்மோனியா சேர்கிறது. ஆனாலும் மீன் சாகாது! அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். அதில் நஞ்சு குறைவு. நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரி என்று வையுங்கள், பிஹெச் 6-ல் நச்சு வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிஹெச் 8-ல் நூற்றுக்கு ஆறுக்கும் மேல். முக்கால் தொட்டித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றியதும் பிஹெச் ஏறியது. அதுவரை அடங்கிக் கிடந்தது நஞ்சானது. ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் கசக்கிக் கழுவியிருந்தார். இருந்த கொஞ்ச நுண்ணுயிரிகளும் போயின.

குழாய்த் தண்ணீர் பாவம், அதன் மேல் பெரிய குற்றமில்லை. ஆனால் இங்கே அதில் இருப்பது குளோரமின், அதாவது அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின். வாளியில் ஒரு ராத்திரி பிடித்து வைத்தால் போய்விடும் என்பது அந்தக் காலத்துக் குளோரினுக்குச் சொன்ன பேச்சு. சாதாரண ஆன்டி-குளோரின் குளோரினை முறித்துவிடும், அதோடு ஒட்டியிருந்த அம்மோனியா தண்ணீரில் நிற்கும். குளோரமினுக்கும் ஆகும் என்று லேபிளில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

பிஹெச் ஏற்றும், இறக்கும் மருந்துப் புட்டிகளை நான் கொண்டுபோவதே இல்லை. மீனுக்கு பிஹெச் எத்தனை என்பதைவிட அதன் ஏற்ற இறக்கம்தான் கொடுமை. கேஹெச் 2 டிகிரிக்குக் கீழே போனால், பவளக்கல் தூளை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடச் சொல்வேன். தண்ணீர் அமிலமாக ஆக, அது கூடுதலாகக் கரைந்து கேஹெச்சை ஏற்றும். கப்பி, மோலி மீன்களுக்கு அது இதம். மென்மையான அமிலத் தண்ணீரை விரும்பும் நியோன் டெட்ரா மீன் வளர்ப்பவர்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. அவர்கள்தான் தண்ணீரை அமிலமாக்கும் வாதுமை இலையைக் கட்டுக்கட்டாகப் போடுவார்கள். கேஹெச் இல்லாத தொட்டியில் இரண்டு இலைக்கு மேல் வேண்டாம்.

உங்கள் தொட்டியும் பல மாதமாகத் தண்ணீர் மாற்றாமல் கிடக்கிறதா? முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். அதிகமிருந்தால் தீனியைக் குறைத்து, அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் கண்டிஷனர் போட்டு, நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். தீபாவளிக்கு விருந்தாளி பார்க்கப் பளிச்சென்று இருக்கவேண்டும் என்றால், வெளிக் கண்ணாடியைத் துடைத்தாலே போதும்.