அடும்பு: மணலில் ஓடும் கொடியின் பெயர்

கடற்கரை மணலில் கயிறு இழுத்துவிட்டதுபோல ஒரு கொடி ஓடும். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த, புனல் வடிவப் பூ. படம் எடுத்துப் பெயர் கேட்டால் பெரும்பாலும் 'பீச் மார்னிங் குளோரி' என்றே பதில் வருகிறது. அதைத் தமிழாக்கப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. சங்கப் பாடல்களிலேயே இதற்குப் பெயர் இருக்கிறது: அடும்பு.

அடையாளம் காண இலை போதும். தடித்து, வழவழப்பாக, நுனி பிளந்து மந்தாரை இலைபோல இரு மடலாக இருக்கும். கிள்ளினால் பால் வரும். கொடி பெரும்பாலும் எதன்மேலும் சுற்றி ஏறாது. தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். பூவின் ஐந்து இதழ்களும் ஒட்டி ஒன்றாகியிருக்கும், தொண்டைப் பகுதியில் நிறம் அடர்த்தி. காலையில் விரிவது அன்றே வாடிவிடும்.

குறுந்தொகை 243ஆம் பாடலில் நம்பி குட்டுவன் 'மானடி அன்ன கவட்டிலை அடும்பின்' என்கிறார். மான் குளம்புபோலக் கவடுபட்ட இலை. கிளை இரண்டாகப் பிரியும் இடம்தான் கவடு. கல் எறியும் கவட்டையை நினைத்துக்கொண்டால் இலை கண்முன் வந்துவிடும். அப்புறம் 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதே கொடிக்கு வைத்த பெயரில் 'பெஸ்-காப்ரே' என்று வருகிறது. லத்தீனில் ஆட்டின் கால் என்று பொருள். அவர் ஆட்டைக் கண்டார், நம் புலவர் மானைக் கண்டார். இருவருக்கும் தெரிந்தது பிளந்த குளம்பு. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சலிக்காத பொருத்தம். இந்தக் கொடி இன்று சேர்ந்திருக்கும் பேரினத்தின் (genus) பெயரான ஐபோமியாவுக்குக் கிரேக்க வேர்களின்படி 'புழுப் போன்றது' என்று பொருள். இந்தப் பேரினத்துக் கொடிகள் பல சுற்றிச் சுற்றி வளர்வதால் வந்தது.

அடும்பு பேச்சில் அடம்பு ஆனது. அடப்பங்கொடி என்றாலும் இதுதான். ஈழத்தில் அடம்பன் கொடி. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற அங்கத்துப் பழமொழி செடியை அறிந்தவர்கள் சொன்னது: ஒற்றைக் கொடியை எளிதாக அறுத்துவிடலாம், பின்னிக் கிடக்கும் கொடிகளை அசைப்பது கடினம். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துவதும் அந்தப் பின்னல்தான்.

சரி, 'மார்னிங் குளோரி' என்று பொதுவாகச் சொன்னால்? அங்கே ஒரே சொல்லைப் போட்டுவிடக் கூடாது. வேலியில் சுற்றி ஏறும் காட்டு வகைகள் பலவற்றுக்குத் தாளி என்ற பெயர் உண்டு. சிறுதாளி அதில் ஒன்று. நீரில் மிதந்து படரும், உள்ளீடற்ற தண்டுள்ள கீரை வள்ளை. சர்க்கரைவள்ளியும் இதே பேரினம். ஆகவே கொடி எங்கே நிற்கிறது, இலை எப்படி என்று பார்த்துவிட்டுப் பெயரை எழுதுங்கள். மணலும் கவட்டிலையும் சேர்ந்திருந்தால் அடும்பு என்றே எழுதலாம்.