பட்டி பார்ப்பதற்கு முன் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள்

வாடகைக்கு விடலாம் என்று பழைய ஃபிளாட் ஒன்றை விலை பேசுகிறீர்களா? ஒரு சின்னச் சுத்தியலோடு போங்கள். பாத்ரூம் சீலிங், பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடு எல்லாவற்றையும் லேசாகத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். சில இடங்களில் காலி டப்பாபோல் 'டொப்' என்கும். வெறும் பூச்சு விட்டுப்போயிருக்கலாம். உள்ளே கம்பி துருப்பிடித்தும் இருக்கலாம். கொத்திப் பார்த்தால்தான் தெரியும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கிறவரை கம்பி லேசில் துருப்பிடிக்காது. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு கான்கிரீட்டை நல்ல காரமாக வைத்திருக்கிறது. காரத்தின் அளவைச் சொல்லும் பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் படிந்து காவல் காக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியாக மெதுவாக நுழைந்து, காரத்தைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே வருகிறது. பிஎச் 9-க்குக் கீழே இறங்கினால் படலம் போச்சு. அப்புறம் ஈரமும் ஆக்சிஜனும் போதும். துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது.

இதில் எனக்கு மனம் பதைப்பது ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துத்தான். காரம் குறையும் இந்த மாற்றம் உள்ளே போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 மி.மீ. போக 10 வருஷம் ஆனால், 20 மி.மீ. போக 40 வருஷம். சாதாரண தளத்துக்கு 20 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை வைத்து முட்டுக் கொடுத்து, கம்பி தொய்ந்து கவர் பாதியானால், பாதுகாப்புக் காலம் கால்வாசிதான். அன்று மிச்சமான காசு எவ்வளவு இருந்திருக்கும்?

கொத்திய இடத்தில், காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் விஷயம் கண்ணெதிரே தெரியும். காரம் மிச்சமிருக்கும் பகுதி பளீரென்று ரோஸ் நிறமாகும். வெளிப்பக்கம் சாம்பலாகவே நிற்கும். சாம்பல் கம்பியைத் தாண்டிவிட்டதென்றால், பட்டியும் எமல்ஷன் பெயின்டும் அடிப்பது குடியிருக்க வருபவரின் தலைக்குமேல் ஆபத்தை மூடி வைப்பதுதான்.

சரிசெய்வதென்றால், முதலில் மேல்வீட்டு ஒழுக்கை நிறுத்த வேண்டும். பிறகு முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவைப் பளபளக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளரைக் கேட்டுப் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சு நிற்காது.

சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு தொல்லை உண்டு. காரம் குறையாவிட்டாலும் உப்பிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைத்துவிடும். அங்கே உதிர்ந்த இடத்தை மட்டும் அடைத்தால் போதாது. அதுவரை துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதி, தானே அரிக்கப்பட்டு, பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அரிப்பு பக்கத்துக்குத் தாவுகிறது. அதனால், ஏற்கெனவே ரிப்பேர் ஆன சீலிங்கில் அடைப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு ஜாண் தூரத்துக்கு விடாமல் தட்டிப் பாருங்கள்.